கைப்பிடி இழந்த புலி

அருங்காட்சியகத்துப் பொருள்கள் நள்ளிரவில் உயிர்பெற்று எழும் கதைகளை நாம் நிறையவே படித்திருக்கிறோம், திரையிலும் கண்டிருக்கிறோம். ஆனால் பட்டப்பகலில், பலர் பார்த்திருக்க, உறுமிக்கொண்டு உயிர்த்த பொருளொன்று இலண்டனில் மெய்யாகவே இருந்தது. அதுதான் திப்பு சுல்தானின் மரப்புலி.

ஐந்தரை அடிக்குச் சற்றே மிகுந்த நீளமுடைய அப்புலி, மல்லாந்து கிடக்கும் ஐரோப்பியன் ஒருவன்மீது ஏறி அவன் கழுத்தைக் கவ்வி நிற்கிறது. புலியின் தோளருகே உள்ள கைப்பிடியைச் சுழற்றினால் உள்ளிருக்கும் துருத்திகள் இயங்கும். வீழ்ந்தவனின் மார்பிலிருந்து வரும் காற்று குழல்வழி ஓலமாக வெளிப்படும். அவனது இடக்கை மேலும் கீழும் அசையும். புலியின் தலைக்குள் இருக்கும் மற்றொரு குழல் உறுமும். விலாப்புறத்து மூடியைத் திறந்தால் பதினெட்டுத் தந்தக் கட்டைகளைக் கொண்ட சிறியதோர் ஆர்கன் இசைக்கருவி தெரியும்! பெருங்கதையில் உதயணனைச் சிறைப்பிடிக்க வந்த யானைப்பொறியின் வயிற்றில் படைவீரர் மறைந்திருந்தனர். இப்புலியின் வயிற்றிலோ இசை மறைந்திருந்தது. மர வேலைப்பாடு மைசூர்க் கைவினைஞருடையது. உள்ளே இருக்கும் பொறியில் பிரெஞ்சுக்காரர் கையும் கலந்திருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

கீழே கிடப்பவன் யார் என்பது பற்றி ஒரு சுவையான ஊகம் உண்டு. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஐதரும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை அழித்தபோது, அருகிலேயே இருந்தும் உதவிக்குச் சென்று சேராதவர் தளபதி ஹெக்டர் மன்றோ. கனத்த பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கியவரும் அவரே. அவருடைய மகன் 1792 டிசம்பரில், வங்கத்துச் சாகர் தீவில் புலியால் கொல்லப்பட்டான். பகைவனின் மகனைப் புலி கொண்ட செய்தியே இப்பொறிக்குக் கருவானது என்பர் சிலர். கதை பொருந்துகிறது என்பதற்காகவே அதை வரலாறு என ஏற்க நமக்கு மனம் வரவில்லை. 1792க்கு முன்பிருந்தே புலி திப்புவின் சின்னம். வீரர்களின் உடையிலும் படைக்கலங்களிலும் அதன் கோடுகள் இடம்பெற்றிருந்தன.

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு போரில் மாண்டார். அவருடைய அரியணை உடைத்துப் பங்கிடப்பட்டது. மரப்புலியோ அரண்மனையில் இசைக்கருவிகளுக்கென ஒதுக்கப்பட்ட அறையில் கிடைத்தது. இதனை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். திப்புவின் அரண்மனையில் அது இசைக்கருவியாக இருந்தது. கம்பெனியார் குறிப்புகளிலோ கொடுங்கோன்மைக்கும் ஆணவத்துக்கும் சான்றாக ஆனது. கவர்னர் ஜெனரல் மார்னிங்டன் பிரபு அதை இங்கிலாந்துக்கு அனுப்பினார். இலண்டன் கோபுரத்தில் வைப்பதே முதலில் இருந்த எண்ணம்.

திப்புவின் பிள்ளைகள் வேலூர்க் கோட்டையில் காவலில் வைக்கப்பட்டனர். 1806 ஜூலை 10 அதிகாலையில் அக்கோட்டையின் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து, நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயரைக் கொன்று, மைசூர் சுல்தானின் கொடியை ஏற்றினர். ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையுடன் விரைந்து வந்து அன்றே அதை அடக்கினார். சுல்தானின் பிள்ளைகள் பின்னர்க் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். அடுத்த இரண்டாம் ஆண்டில், 1808இல், இலண்டன் லீடன்ஹால் தெருவில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி மாளிகையில் மரப்புலி பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. வேலூரில் அஞ்சவைத்த சின்னம் இலண்டனில் வேடிக்கைப் பொருளாயிற்று.

அது இருந்த இடம் நூலகத்தின் வாசிப்பறை. சார்லஸ் வில்கின்ஸ் பொறுப்பேற்று நடத்திய அந்நூலகத்துக்குத் திப்புவின் சொந்த நூலகத்துச் சுவடிகளிலும் ஒரு பகுதி வந்து சேர்ந்திருந்தது. காட்சியை எண்ணிப் பாருங்கள்! தோற்ற மன்னனின் சுவடிகளை வென்றவர்களின் அறிஞர் குனிந்து படிக்க, அவனது புலி பக்கத்தில் உறுமுகிறது. சுழற்றுகின்ற கைகள் யாருடையவை? லீடன்ஹால் தெரு வழியே வந்த இலண்டன் மக்களுடையவை. பகைவனின் கொடுமைக்குச் சான்றெனக் கம்பெனி வைத்த பொருள், அக்கம்பெனியின் தலைமையகத்திலேயே, ஆங்கிலேயர் கையாலேயே, ஐரோப்பியன் ஒருவனை நாள்தோறும் பலமுறை கொன்று காட்டியது. திப்பு கண்ட கனவு இதைவிடச் சிறப்பாக அரங்கேறியிருக்க முடியாது என்றே நமக்குத் தோன்றுகிறது. பார்த்தவர்களுக்கு இது உறைத்ததாகத் தெரியவில்லை. கவிஞர் கீட்ஸ், 1819இல் எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்ட அங்கதக் கவிதையில், அரசனொருவனின் விளையாட்டுப் பொருளாக இதை நுழைத்தார்.

படிப்பவர்களுக்கோ பெருந்தொல்லை. 1858இல் கம்பெனி ஆட்சி முடிந்தபின் மாளிகையும் இடிக்கப்பட, புலி இடம் மாறி மாறிச் சென்றது. இடையில் எப்போதோ அதன் கைப்பிடி காணாமற்போயிற்று. 1869இல் ‘அத்தீனியம்’ இதழ், அந்த ஓலத்தாலும் உறுமலாலும் பழைய நூலகத்தில் மாணவர் பட்ட துன்பத்தை நினைவுகூர்ந்து, நல்லூழால் கைப்பிடி தொலைந்தது என மகிழ்ந்தது. இனி அதைப் பார்த்தால் போதும், கேட்க வேண்டா என்றும் எழுதியது. பேரரசை எதிர்த்தவனின் குரல் அரசியல் காரணத்தால் அன்றி, வாசிப்பறை ஒழுங்கின் பெயரால் அடக்கப்பட்டதை எண்ணி நகைப்பதா வருந்துவதா என்பதை வாசகர்களுக்கே விடுகிறோம்.

1880 வாக்கில் அது தென் கென்சிங்டன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது; 1899 முதல் அதற்கு விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் என்று பெயர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியக் குண்டு விழுந்து கூரை சரிந்தபோது, மரப்புலி பல நூறு துண்டுகளாகச் சிதறியது. துண்டுகளைப் பொறுக்கி ஒட்டி 1947க்குள் மீண்டும் காட்சிக்கு வைத்தனர். கைப்பிடியும் பொருத்தப்பட்டது. எனினும் ஒன்றரை நூற்றாண்டில் பலமுறை பழுதுபார்க்கப்பட்டதால் உள்ளிருந்த பொறி மாறிவிட்டது. ஸ்ரீரங்கப்பட்டணத்து இசையறையில் அது எழுப்பிய ஒலியை இனி எவரும் கேட்க வழியில்லை.