ஸ்பானர் பிடிச்ச கைக்கு எப்ப பட்டம்?

போன மாதம் கெம்பஸ் முடிஞ்சு ஒலுவிலில் இருந்து வரும்போது எங்கட பைக் மக்கர் பண்ணிச்சு. தள்ளிக்கொண்டு போய் ஒரு கராஜில் விட்டோம். அங்கிருந்த காக்கா பைக்கை ஒருக்கா ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, காது குடுத்துக் கேட்டார். "வால்வ் தம்பி" என்றார். கழட்டிப் பார்த்தா வால்வ்தான். ஓ.எல்லோட படிப்பை விட்ட மனுசன். நாங்கள் கலைப் பீடத்தில் மூன்றாம் வருசம். இந்த அறிவுக்கு ஏன் பல்கலைக்கழகத்தில் கதிரை இல்லை என்ற கேள்வி அங்கதான் எங்களுக்கு வந்தது.

இலங்கையில் தொழில்நுட்பக் கல்வி புதுசில்லை. மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரி 1893ஆம் ஆண்டு தொடங்கியது. பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 1950இல் கொழும்பில் ஆரம்பமாகி, 1964இல் பேராதனைக்குப் போனது. அந்த இடைவெளியில் ஒரு பிரிவு உறுதியாகிட்டது: வரைபடம் போடுறவருக்குப் பட்டம், இயந்திரத்தைக் கழட்டிப் பூட்டுறவருக்குச் சான்றிதழ். கட்டுபெத்தையில் 1960இல் செய்முறைத் தொழில்நுட்ப நிறுவனமாகத் தொடங்கிய இடமே 1978இல் மொரட்டுவைப் பல்கலைக்கழகமானது. நிறுவனம் உயர்ந்தது. மெக்கானிக் வெளியிலேயே நின்றார்.

எங்கட பக்கத்துக் கதையையும் பாருங்கள். 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கினபோது காட்டை வெட்டவும் அணை கட்டவும் கனரக இயந்திரங்கள் வந்து இறங்கின. 1950களில் அம்பாறை நகரில் ஹார்டி தொழில்நுட்ப நிறுவனம் வந்தது. இன்றைக்கும் அது உயர் டிப்ளோமா குடுக்குது. ஆனா கரையோர ஊர்களில் பெரும்பாலான மெக்கானிக்மார் உருவானது கராஜில்தான். வயலுக்கு லேண்ட்மாஸ்டர், கடலுக்கு போட் எஞ்சின். பாஸுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, ஏச்சு வாங்கி, கிரீஸ் பூசிக் கற்ற கல்வி அது.

மாற்றம் வந்தது 2000களில். தேசிய தொழிற்தகைமை, அதாவது என்.வி.கியூ, ஏழு மட்டங்களாக வகுக்கப்பட்டது. ஒன்று முதல் நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். அந்த ஏணியின் உச்சிக்காக 2008ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தால் இரத்மலானையில் தொழிற்கல்விக்கான பல்கலைக்கழகம், 'யுனிவோடெக்', உருவானது. உயர்தரம் இல்லாட்டியும் தொழில் வழியா ஏறி வந்து பட்டம் எடுக்கலாம் என்பதுதான் அதன் அர்த்தம். 2013இல் உயர்தரத்திலும் தொழில்நுட்பப் பிரிவு வந்தது. அதன் தொடர்ச்சியா எங்கட தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் தொழில்நுட்ப பீடம் வந்தது. ஆனா அங்க இருப்பது தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பமும் உயிர்முறைமைகள் தொழில்நுட்பமும்தான். வாகனம் திருத்துற படிப்பு இல்லை.

கதவு திறந்திருக்கு, உண்மை. ஆனா இரத்மலானை நாட்டின் மற்றக் கரையில் இருக்கு. படிப்பும் ஆங்கிலத்தில். கராஜில் தமிழில் எல்லாம் தெரிஞ்ச ஒரு தம்பிக்கு, தன்ர கைக்குத் தெரிஞ்சதையே திரும்ப இன்னொரு மொழியில் படிக்க வேண்டியிருக்கு. இதைவிடப் பெரிய தடை எங்கட வீடுகளில் இருக்கு. "படிக்காட்டி கராஜுக்குத்தான் போவாய்" என்று உம்மாமார் வெருட்டுறதைக் கேட்டுத்தானே நாங்களும் வளர்ந்தோம்? அந்த ஒரு வசனத்தில் காக்காட முழு வாழ்க்கையும் தண்டனையாகிப் போகுது.

முன்பு வேலை செய்து கற்றதைப் பரீட்சித்து என்.வி.கியூ குடுக்கிற வழியும் இருக்கு. பைக்கை எடுக்கப் போன அன்று அதைக் காக்காவிடம் சொன்னோம். கையைத் துடைச்சுக்கொண்டு சிரிச்சார். "எனக்கு வயசு போயிட்டு. இவனுக்கு அந்தப் போர்ம் எடுத்துத் தாங்க" என்று, டயர் கழட்டிக்கொண்டிருந்த பொடியனைக் காட்டினார்.

அந்தப் போர்மை நிரப்பிக் குடுக்கிறதுதான் இப்ப எங்கட அசைன்மென்ட்.