இந்தியச் செல்பேசி வலையமைப்பு: கொள்கையும் முதலீடும்

இந்தியாவில் செல்பேசிச் சேவைக்கான கோபுரங்கள், கண்ணாடியிழை வடங்கள், இணைப்பகங்கள் ஆகியவற்றில் போடப்பட்ட முதலீடும், அதற்காக அரசு வகுத்த கொள்கைகளும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒன்றையொன்று இழுத்துப் பிடித்தே வந்துள்ளன. அலைக்கற்றை என்பது கருவூலத்துக்கு வருவாய் தரும் சொத்தா, சாலையைப் போல எல்லா ஊருக்கும் போய்ச்சேர வேண்டிய கட்டமைப்பா என்ற கேள்விக்கு எந்த அரசும் தெளிவாக விடை சொன்னதில்லை. பின்னாளில் வந்த கடன்சுமை, வழக்கு, மூடல் ஆகியவற்றில் பெரும்பகுதிக்கு வேர் இந்தத் தெளிவின்மைதான்.

முன்வரலாறு

1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் தொலைத்தொடர்பை அரசின் தனியுரிமை ஆக்கியது. 1986இல் டெல்லிக்கும் மும்பைக்கும் அரசு நிறுவனமான எம்.டி.என்.எல். தொடங்கப்பட்டது. வீட்டுத் தொலைபேசி இணைப்புக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்த காலம் அது.

உரிமக் காலம் (1992–1999)

1992இல் டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களுக்கும் நகருக்கு இரு நிறுவனங்கள் என்ற கணக்கில் ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. தேர்வு முறையை எதிர்த்து விலக்கப்பட்ட நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன. 1994 ஜூலையில் 'டாடா செல்லுலார்' வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, அரசு ஒப்பந்தப்புள்ளிகளில் நீதிமன்றம் எவ்வளவு தூரம் தலையிடலாம் என்பதற்கு இன்றும் மேற்கோளாகக் காட்டப்படுகிறது. செல்பேசி நாட்டுக்குள் வருவதற்கு முன்பே அதைப் பற்றிய சட்ட நெறி வந்துவிட்டது குறிப்பிடத்தக்கது. 1994 நவம்பரில் உரிமங்கள் வழங்கப்பட்டன. சென்னைக்கான உரிமங்களை ஆர்.பி.ஜி. செல்லுலார், ஸ்கைசெல் ஆகிய நிறுவனங்கள் பெற்றன.

1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் மோடி டெல்ஸ்ட்ரா வலையமைப்பு வழியே பேசினார். இதையே நாட்டின் முதல் செல்பேசி அழைப்பு என்று பெரும்பாலான நூல்கள் குறிக்கின்றன. டெல்லிக்கு முதலிடம் தரும் குறிப்புகளும் உண்டு. அன்று உச்ச நேரத்தில் நிமிடத்துக்கு ரூ.16.80 வரை கட்டணம் வாங்கப்பட்டது. வரும் அழைப்புக்கும் காசு உண்டு என்பதால், மணி அடித்தால் எண்ணைப் பார்த்துவிட்டு எடுக்காமல் வைப்பது வசதியுள்ளவர்களிடமும் இருந்த வழக்கம்.

நகரங்களுக்கு வெளியே இருந்த வட்டங்களுக்கு (பெரும்பாலும் ஒரு மாநில அளவிலான சேவைப் பகுதிகள்) 1995இல் நடந்த ஏலத்தில், உரிமக் காலம் முழுவதற்கும் அரசுக்கு யார் அதிகம் தருகிறார்கள் என்பதே முதன்மை அளவுகோலாயிற்று. நிறுவனங்கள் ஒன்றையொன்று விஞ்சிக் கேட்டன. அதே ஆண்டு கம்பிவழித் தொலைபேசிக்கான ஏலத்தில் எச்.எஃப்.சி.எல். கூட்டமைப்பு ஒன்பது வட்டங்களுக்குச் சுமார் ரூ.85,000 கோடி கேட்டது. அந்த நிறுவனத்தின் அப்போதைய ஆண்டு விற்றுமுதலுக்கும் இந்தத் தொகைக்கும் சம்பந்தமே இல்லை. ஒருவரே பல வட்டங்களை எடுக்கக் கூடாது என்று அரசு ஏலத்துக்குப் பிறகு வரம்பு விதித்தது. அது ஏகபோகத்தைத் தடுக்கவா, கேட்ட தொகையைக் கட்ட முடியாத நிறுவனத்தைக் காப்பாற்றவா என்பதில் அன்றைய எதிர்க்கட்சிகளும் அரசும் ஒத்துப்போகவில்லை. பணம் கொழிக்கும் வட்டங்களுக்கு இத்தனை போட்டி இருக்க, அந்தமான் நிக்கோபாரின் செல்பேசி உரிமத்தைக் கேட்க யாரும் முன்வரவில்லை.

வாடிக்கையாளர் பெருகினாலும் பெருகாவிட்டாலும் ஆண்டுதோறும் குறித்த தொகையைக் கட்ட வேண்டும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் முடிச்சு. 1999 மார்ச்சில் நாடு முழுவதும் செல்பேசி வைத்திருந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் மட்டுமே. கோபுரம் கட்ட வாங்கிய கடன் உரிமக் கட்டணத்துக்குப் போயிற்று. கோபுரம் இல்லாததால் வாடிக்கையாளர் வரவில்லை. வாடிக்கையாளர் வராததால் அடுத்த தவணை கட்ட வழியில்லை. பல நிறுவனங்கள் பாக்கி வைத்து நீதிமன்றப் படியேறின. 1997இல் அமைக்கப்பட்ட ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் அதிகாரமும் வழக்குகளில் சிக்கியது.

1999 மார்ச்சில் வெளியான புதிய தொலைத்தொடர்புக் கொள்கை, நிலையான கட்டணத்துக்குப் பதில் வருவாயில் பங்கு என்ற முறையைக் கொண்டுவந்தது. பாக்கி வைத்தவர்களுக்குச் சலுகை கூடாது என்று நின்ற தொலைத்தொடர்பு அமைச்சர் ஜக்மோகன் ஜூன் மாதம் வேறு துறைக்கு மாற்றப்பட்டார். தேர்தலை எதிர்நோக்கியிருந்த காபந்து அரசு ஜூலையில் மாற்றத்துக்கு ஒப்புதல் தந்தது. இது தொழிலைக் காப்பாற்றிய முடிவு என்போர் உண்டு; ஏலத்தில் நேர்மையாகக் குறைவாகக் கேட்டுத் தோற்றவர்களுக்கு இழைத்த அநீதி என்போரும் உண்டு. இரு தரப்பு வாதங்களிலும் உண்மை இருப்பதாகவே தெரிகிறது. நிறுவனங்கள் தங்கள் வழக்குகளைக் கைவிட்டு, புதிய போட்டியாளர்கள் வருவதையும் ஏற்க வேண்டியிருந்தது.

பெருக்கமும் ஏலங்களும்

2000இல் அரசு நிறுவனமான பி.எஸ்.என்.எல். உருவானது, 2002 அக்டோபரில் அது செல்பேசிச் சேவையைத் தொடங்கியது. 2003இல் அழைப்பவரே கட்டணம் செலுத்தும் முறை வந்தது. 'மிஸ்டு கால்' நாடு முழுவதும் பரவியதும் அதன் பிறகே: வாசலில் வந்து நிற்கிறேன், ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்ற செய்திகளை ஒரு பைசாச் செலவில்லாமல் சொல்ல மக்கள் தாங்களே கண்டுகொண்ட வழி அது.

2008 ஜனவரி 10 அன்று, முன்னர் வந்தவருக்கு முன்னுரிமை என்ற அடிப்படையில் ஏலமின்றி வழங்கப்பட்ட 122 2ஜி உரிமங்கள் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2010இல் சொன்ன இழப்பு மதிப்பீடுகளில் மிக உயர்ந்தது ரூ.1.76 லட்சம் கோடி; சி.பி.ஐ. குற்றப்பத்திரிகையில் சொன்னது சுமார் ரூ.30,984 கோடி. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் முன்னாள் தொலைத்தொடர்பு அமைச்சர் ஆ. இராசா உள்ளிட்ட அனைவரையும் விடுவித்தது. அதை எதிர்த்த மேல்முறையீட்டை டெல்லி உயர் நீதிமன்றம் 2024இல் விசாரணைக்கு ஏற்றது. இழப்பின் அளவு இன்னும் விவாதத்துக்குரியதே.

2012ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின் ஏலமே விதியானது. அதற்கு முன்பே 2010இல் நடந்த 3ஜி, அகலக்கற்றை ஏலங்கள் இரண்டும் சேர்ந்து ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டின. ஆனால் 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை 2016இலும் 2021இலும் விலைபோகவில்லை. குறைந்த கோபுரங்களைக் கொண்டு அதிகத் தொலைவு செல்லும், சுவருக்குள்ளும் நுழையும் அந்த அலைவரிசைதான் கிராமங்களுக்கு மிகவும் பயன்பட்டிருக்கும்.

1999இல் மருந்தாக வந்த வருவாய்ப் பங்கு முறை இன்னொரு நோயைக் கூட்டி வந்தது. எது வருவாய் என்பதில்தான் தகராறு. வட்டி, வாடகை, சொத்து விற்ற லாபம் எல்லாம் சேருமா என்ற வழக்கு 2003 முதல் நடந்து, 2019 அக்டோபர் 24 அன்று அரசுக்குச் சாதகமாக முடிந்தது. அசலைவிட வட்டியும் அபராதமும் பெரிதாகி நின்றன. 2020இல் பத்தாண்டுத் தவணை தரப்பட்டது. 2021 செப்டம்பரில் வருவாயின் வரையறையே மாற்றப்பட்டது, ஆனால் பழைய பாக்கிக்கு அது பொருந்தாது.

கோபுரங்களும் தீவுகளும்

கொட்டகைக்குள் மின்கல அடுக்கு, குளிரூட்டி, வெளியே டீசல் ஜெனரேட்டர், கரண்ட் போனால் கேனில் டீசல் ஊற்ற ஒரு காவலாளி: பல ஆண்டுகள் கிராமத்துச் செல்போன் டவர் இப்படித்தான் ஓடியது. செலவைக் குறைக்க, 2007இல் மூன்று போட்டி நிறுவனங்கள் சேர்ந்து இண்டஸ் டவர்ஸைத் தொடங்கின. டவர் பொதுவானபோது வாடகைப் பாக்கியின் விளைவும் பொதுவானது. தமிழ்நாட்டில் வேர்கொண்டிருந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் முடங்கியபோது, வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்ற 1900க்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டியிருந்தது. அனுப்புவதற்குச் சிக்னல் இல்லை. கடைகளின் முன் மக்கள் வரிசையில் நின்றார்கள்.

லாபம் இல்லாத ஊர்களுக்காக, நிறுவனங்களின் வருவாயில் 5 விழுக்காடு 2002 முதல் பொதுச்சேவை நிதிக்குப் பிடிக்கப்படுகிறது. அந்த நிதியின் பெரும்பகுதி செலவாகாமல் கிடந்தது என்பது நெடுநாள் குறை. ஊராட்சிகளுக்குக் கண்ணாடியிழை கொண்டுசெல்ல 2011இல் ஒப்புதல் பெற்ற திட்டம் கெடு தவறிக்கொண்டே போயிற்று. நன்கு நிறைவேறியவற்றுள் சென்னை–அந்தமான் கடலடி வடத்தைச் சொல்ல வேண்டும். சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமும் ரூ.1,224 கோடி செலவும் கொண்ட இந்த வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கப்பட்டது. போர்ட் பிளேரோடு நிற்காமல் கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் வரை அது போகிறது. அதுவரை அங்கெல்லாம் செயற்கைக்கோள் வழியே வந்த மெலிந்த இணைப்பைத்தான் நம்பியிருந்தார்கள். 1995இல் எந்த நிறுவனமும் கேட்காத வட்டம் இது.

அண்மைக்காலம்

2016 செப்டம்பரில் ரிலையன்ஸ் ஜியோ வந்த பின் சேவை நிறுவனங்கள் நான்காகச் சுருங்கின. 5ஜி 2022 அக்டோபரில் தொடங்கியது. வோடஃபோன் ஐடியா அரசுக்குத் தர வேண்டிய நிலுவைகள் பங்குகளாக மாற்றப்பட்டதில் 2025 ஏப்ரலில் அந்த நிறுவனத்தில் அரசின் பங்கு சுமார் 49 விழுக்காடு ஆனது. உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் அமைந்த பி.எஸ்.என்.எல். 4ஜி 2025 செப்டம்பரில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 1885ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம், செயற்கைக்கோள் சேவைக்கு அலைக்கற்றையை ஏலமின்றி ஒதுக்க இடம் தருகிறது. அதற்கு விலையாக வருவாயில் 4 விழுக்காடு வாங்கலாம் என்று டிராய் 2025 மே மாதம் பரிந்துரைத்தது.