சுரவெழுத்தும் ஐங்கோட்டு முறையும்: குடுமியான்மலை, திருவரங்கச் சான்றுகள் வழி ஓர் ஆய்வு

இசை செவிக்குரியது, எழுத்து கண்ணுக்குரியது. செவிக்குரியதைக் கண்ணுக்குரியதாக்கும் முயற்சி தமிழகத்தில் நெடுங்காலமாக நிகழ்ந்து வந்துள்ளது. அம்முயற்சியின் அண்மைக் கிளை, சுரவெழுத்தில் அமைந்த பாடல்களைக் கணினி மென்பொருளின் துணையால் மேலைநாட்டார் ஐங்கோட்டு முறைக்கு மாற்றுவதாகும். இதனை வெறும் எந்திரத் தொழில் எனக் கருதுவார் ஒரு சாரார். நம் இசையின் உயிரைப் போக்கும் செயல் என வெறுப்பார் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் முழுதும் பொருந்துவன அல்ல என்பது எம் கருத்து. அதனைச் சிராப்பள்ளியையும் திருவரங்கத்தையும் சூழ்ந்த சான்றுகள் சிலவற்றைக் கொண்டு ஈண்டு நிறுவ முயல்கின்றோம்.

1. கல்லில் எழுதிய இசை

இப்பகுதியின் இசையெழுத்துச் சான்றுகளுள் தலையாயது குடுமியான்மலைக் கல்வெட்டு. இவ்வூர் இன்று புதுக்கோட்டை மாவட்டத்தைச் சார்ந்தது. புதுக்கோட்டைச் சமத்தானம் 1948-இல் இணைக்கப்பட்டது முதல் 1974-இல் தனி மாவட்டம் அமையும் வரை சிராப்பள்ளி மாவட்டத்துள் அடங்கியிருந்தது. குடைவரைக் கோயிலை அடுத்த பாறையில் பல்லவ கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்ட இக்கல்வெட்டு, கி. பி. ஏழாம் நூற்றாண்டினது எனப் பெரும்பாலோர் கொள்வர். 1904-இல் கிருஷ்ண சாஸ்திரியாரால் கண்டறியப்பட்டுப் பின்னர் பண்டார்கரால் எபிகிராபியா இண்டிகாவில் வெளியிடப்பட்டது. ஏழு கிராம ராகங்களுக்குரிய ஏழு பகுதிகளாக இது அமைந்துள்ளது. சுரங்கள் நந்நான்காகத் தொகுக்கப்பட்டுள்ளன. ருத்திராசாரியருடைய மாணாக்கனும் சிவநெறியில் ஆழ்ந்தவனுமாகிய ஓர் அரசன் மாணவர் நலங்கருதி இதனை இயற்றினான் என்பது இறுதிக் குறிப்பால் விளங்கும். அவ்வரசன் முதலாம் மகேந்திரவர்மனே என்று பலர் கூறினர். ஆயினும் அவன் பெயர் கல்வெட்டில் இன்மையின் அம்முடிபு ஐயத்திற்கு இடமானது.

நம் ஆய்வுக்கு வேண்டுவது அதன் எழுத்து முறையே. சுரப்பெயரின் மெய் ஒன்றாயிருக்க, அதன்மேல் ஏறும் உயிர் அ, இ, உ, எ என நான்காக வேறுபடுகின்றது. ஆகவே ஒரே சுரம் நான்கு வடிவம் பெறுகின்றது. இவ்வுயிர் வேறுபாடு சுருதி வேறுபாட்டைக் குறிப்பதோ, யாழ் இசைக்கும் முறையைக் குறிப்பதோ என்பதில் அறிஞர் ஒருமைப்பட்டிலர். எவ்வாறாயினும், வெறும் சுரப்பெயர் மட்டும் போதாது, அதன் தன்மையையும் எழுத்திலேயே காட்டல் வேண்டும் என்னும் உணர்வு அன்றே இருந்தது என்பது தெளிவு. பிற்காலத்தில், பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சையில் வாழ்ந்த வேங்கடமகியின் மரபினர் ர, ரி, ரு எனவும் க, கி, கு எனவும் வழங்கியதும் இவ்வுணர்வின் வழிப்பட்டதே.

2. எழுதப்படாத இசை

கல்லில் எழுதிய இசைக்கு மறுதலையாகத் திருவரங்கத்தில் எழுதப்படாத இசை ஒன்று உண்டு. நாலாயிரத் திவ்யப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகள் தம் மருகர் இருவருக்கு அதனை இசையோடு பயிற்றினார் என்பது வைணவ மரபு. அவ்வழி வந்த அரையர் சேவை இன்றும் திருவரங்கத்தில் மார்கழித் திருவிழாவின் பகற்பத்து, இராப்பத்து நாள்களில் நடைபெறுகின்றது. பாசுரங்கள் சிலவற்றிற்குப் பண்ணின் பெயரும் தாளத்தின் பெயரும் பதிப்புகளில் காணப்படுகின்றன, சுரவரிசை இல்லை. பெயர் நின்றது; பண்ணின் பழைய வடிவம் எழுத்தில் நில்லாமையின் இன்று அதனை மீட்பார் ஊகத்தையே நம்பவேண்டியவராயினர்.

இவ்விரு சான்றும் சேர்ந்து உணர்த்துவது ஒன்று. குடுமியான்மலையில் எழுத்து உளது. அதனைப் பாடிக் காட்டும் மரபு அற்றது. திருவரங்கத்தில் பாடும் மரபு உளது. அதனை நிலைநிறுத்தும் எழுத்து இல்லை. எழுத்தும் வாய்மரபும் ஒன்றையொன்று பிரியுமாயின் இரண்டும் குறைவுறும்.

3. அச்சும் இரு முறைகளும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சு வழியே சுரவெழுத்து பெருகியது. அதன் முறை எளியது. குற்றெழுத்து ஓர் அளவும் நெட்டெழுத்து இரண்டளவும் பெறும்: ச, ரி, க என்பன ஓரளவு, சா, ரீ, கா என்பன ஈரளவு. மேற்புள்ளி மேல் நிலையையும் கீழ்ப்புள்ளி கீழ் நிலையையும் காட்டும். எழுத்தின் மேல் இடும் கோடு ஒன்று விரைவை இரட்டிக்கும். இரண்டு கோடு நான்மடங்காக்கும். ஈண்டு ஒரு வேறுபாட்டை உற்று நோக்கல் வேண்டும். குடுமியான்மலையில் உயிரெழுத்து சுரத்தின் தன்மை வேறுபாட்டைக் காட்டியது. அச்சு நூல்களில் அதே உயிரெழுத்து சுரத்தின் கால அளவைக் காட்டுகின்றது. ஓர் உயிர் இரு தொழிலையும் ஒருங்கே ஆற்றல் அரிது. கால அளவு பெறப்பட்டது. சுர வகை எழுத்தினின்று நீங்கி இராகத் தலைப்பிற்குள் ஒடுங்கியது.

இதே காலத்தில் சென்னையில் சின்னசாமி முதலியார் வேறொரு நெறியை மேற்கொண்டார். ஓரியண்டல் மியூசிக் இன் யூரோப்பியன் நொட்டேஷன் என்னும் பெயரில் 1892 முதல் அவர் வெளியிட்ட வெளியீடு, தியாகராசர் முதலியோர் பாடல்களை ஐங்கோட்டு முறையில் உலகிற்கு அளிக்க முயன்றது. வாலாசாப்பேட்டைக் கிருஷ்ணசாமி பாகவதர் போன்ற மரபினரிடம் கேட்டே அவர் எழுதினார். வரலாற்றில் வியத்தகு செய்தி யாதெனில், ஐங்கோட்டு முறையில் இத்துணை நம்பிக்கை கொண்ட அவரே, சுப்பராம தீட்சிதரைத் தம் மரபுச் செல்வத்தை நூலாக்குமாறு தூண்டியோருள் ஒருவர் என்பதாம். அதன் பயனாக 1904-இல் எட்டயபுரத்தில் வெளிவந்த சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி, சுரவெழுத்து நூல்களுள் தலைசிறந்ததாயிற்று. கம்பிதம், நொக்கு, ரவை, கண்டிப்பு, வலி, ஏற்றச்சாரு, இறக்கச்சாரு முதலிய கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகளை அது வகுத்தது. மேலைமுறையை நாடியவரும் உள்நாட்டு முறையைச் செப்பஞ்செய்தவரும் பகைவரல்லர். ஒரே கவலையால் இயங்கியவர் என்பது இதனாற் புலனாகும்.

4. கணினி செய்வது யாது?

கணினி வழி மாற்றத்திற்கு வேண்டிய கருவிகள் இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 1983-இல் மிடி என்னும் பொது நெறி வகுக்கப்பட்டது. 1996-இல் தொடங்கிய லில்லிபாண்ட், எழுத்து வடிவில் தட்டச்சிட்ட சுரங்களை ஐங்கோட்டுப் படமாக வரைந்து தரும் மென்பொருள். 2004-இல் மியூசிக் எக்ஸ்எம்எல் என்னும் பரிமாற்ற வடிவம் வெளிவந்தது; 2015 முதல் உலகளாவிய வலைத்தரக் கூட்டமைப்பின் பொறுப்பில் அது வளர்ந்து வருகின்றது. ஆகவே சுரவெழுத்தை இவ்வடிவங்களுள் ஒன்றாக மொழிபெயர்க்கும் சிறு நிரல் ஒன்று இருப்பின், அச்சிடத்தக்க ஐங்கோட்டுத் தாள் உடனே கிடைக்கும்.

அந்நிரல் செய்யவேண்டிய பணிகள் நான்கு. முதலாவது, ஆதார சட்சத்தை மேலைச் சுரம் ஒன்றில் நிறுத்துதல். நம் சட்சம் பாடுவார் குரலுக்கேற்ப நகர்வது, ஐங்கோட்டின் சுரமோ நிலையானது. இரண்டாவது, கால அளவைக் கணித்தல். ஆதி தாளத்து எட்டு அட்சரங்களுள் ஒவ்வொன்றையும் குவார்ட்டர் என்னும் குறியாகக் கொண்டு, அட்சரத்திற்கு நான்கு குற்றெழுத்து எனின், குற்றெழுத்து பதினாறில் ஒரு பங்குக் குறியாகும். நெட்டெழுத்து எட்டில் ஒரு பங்குக் குறியாகும். மூன்றாவது, இலகு, துருதம் என்னும் தாள உறுப்புகளைக் குறுக்குக் கோடுகளால் பிரித்தல். மேலைநாட்டில் அக்கோட்டை அடுத்த சுரம் அழுத்தம் பெறும். நம் தாளத்தில் அத்தகைய கட்டாயம் இல்லை. நான்காவது, சுரவெழுத்து ஒவ்வொன்றும் எவ்வகைச் சுரம் எனத் துணிதல். முன் மூன்றும் பெரும்பாலும் கணக்கு, நான்காவதே இடர்ப்பாடு. மேளத்தின் அட்டவணையை நிரலுக்குக் கொடுத்தால் போதும் எனக் கருதுவாரும் உளர். அது போதாமையைத் திருவரங்கத்துப் பாடல்களே காட்டும்.

5. திருவரங்கப் பஞ்சரத்தினம் என்னும் உரைகல்

அரங்கநாதர் மீது தியாகராசர் பாடிய ஐந்து கிருதிகள் திருவரங்கப் பஞ்சரத்தினம் எனப் பெயர் பெற்றன. அவற்றுள் ஓ ரங்கசாயி காம்போதியிலும், வினராதா தேவகாந்தாரியிலும், ஜூதாமுராரே ஆரபியிலும், ராஜு வெடல தோடியிலும், கருண ஜூடவய்ய சாரங்காவிலும் அமைந்தன. இவற்றுள் முதல் நான்கினை நோக்குவோம்.

காம்போதி அரிகாம்போதியின் வழிப்பட்டது. ஆகவே அதன் நிடாதம் கைசிகி நிடாதம். ஆயினும் ச நி ப த ச என்பது போன்ற சிறப்புப் பிடிகளில் காகலி நிடாதம் வரும். சுரவெழுத்தில் இரண்டும் நி என்றே எழுதப்படும். மேள அட்டவணையை மட்டும் நம்பும் நிரல் எல்லா நிடாதங்களையும் கைசிகியாகவே வரையும், பிடி கெடும், காம்போதியின் முகம் மாறும். குரு வாய்வழிக் கேட்ட மாணவனுக்கு இப்பிழை நேராது. தாளை மட்டும் கண்டு வாசிக்கும் வேற்றுநாட்டு வயலினாருக்கு நேரும். உயிரெழுத்து மாற்றத்தால் சுர வேறுபாட்டைக் காட்டிய குடுமியான்மலை முறையின் அருமை ஈண்டு விளங்கும்.

ஆரபியும் தேவகாந்தாரியும் இதனினும் நுண்ணியவை. இரண்டும் சங்கராபரணத்தின் வழிப்பட்டவை. இரண்டிற்கும் ஏறுநிரல் ச ரி ம ப த ச; இறங்குநிரல் ச நி த ப ம க ரி ச. அட்டவணையில் இரண்டும் ஒன்றே. ஆரபி சுரங்களை நேரே நிறுத்தி விரைந்து செல்லும் இயல்பினது. தேவகாந்தாரி அசைவும் நெகிழ்வும் கொண்டு தாழ்ந்து நடப்பது. ஐங்கோட்டில் கமகக் குறியின்றி எழுதினால், ஒரே தலத்து இறைவன் மீது ஒரே புலவர் பாடிய இரு வேறு இராகப் பாடல்கள் ஒரே இராகத்தன போல் தோன்றும். தோடியின் நிலையும் அன்னதே. அதன் காந்தாரம் தாளில் ஒரு புள்ளியாக நிற்கும். மிடற்றிலோ மத்திமத்தை அளாவி அசையும். புள்ளியில் நிறுத்திப் பாடின் தோடி இல்லை.

இதற்கு எதிர்ச்சான்றும் உண்டு. முத்துசாமி தீட்சிதர் மேலைநாட்டு மெட்டுகளுக்கு வடமொழிச் சொல் அமைத்து இயற்றிய நோட்டுசுர சாகித்தியங்கள் ஐங்கோட்டிற்கு மாற்றப்பெறின் ஏறத்தாழ இழப்பின்றி நிற்கும். அவை அங்கிருந்தே வந்தவை. அசைவின்றி நிற்கும் சுரங்களால் ஆனவை. அதே தீட்சிதர் திருவானைக்காவில் யமுனாகல்யாணியில் பாடிய ஜம்பூபதே என்னும் கிருதி அவ்வாறு நில்லாது. எனவே குறை கணினியினதன்று. ஐங்கோட்டினது என்றும் முழுதும் கூறலாகாது. எழுத்தில் இல்லாததை எழுத்தினின்று பெற முடியாது என்பதே உண்மை.

6. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு. சுரவெழுத்து தானாக நிறைவுடைய எழுத்தன்று. இராகத்தை முன்னரே அறிந்தார்க்கு நினைவூட்டும் குறிப்பு. அக்குறிப்பை ஐங்கோட்டிற்கு மாற்றும்பொழுது, எழுதியவர் சொல்லாது விட்டதை மாற்றுபவர் சொல்லியே ஆகவேண்டும். அவர் சொல்லாராயின் நிரல் தன் அட்டவணைப்படி ஒன்றைச் சொல்லிவிடும். அப்பிழை அச்சின் தெளிவினால் உண்மைபோல் தோன்றி நிலைபெறும். கையெழுத்துப் பிழையினும் இது கொடிது. ஏனெனில் ஐயுறுவார் குறைவர்.

ஆதலின் இப்பணி மேற்கொள்வார்க்கு யாம் கூறத்தக்கவை சில. அன்னிய சுரம் வரும் இடந்தோறும் மூலத்திலேயே சுரவகையைக் குறித்தல் வேண்டும்; அதற்கு ர, ரி, ரு என்னும் பழைய வழக்கையே கைக்கொள்ளலாம். சுப்பராம தீட்சிதர் வகுத்த கமகக் குறிகளை ஐங்கோட்டின் மேலும் இடல் வேண்டும். கோட்டின்கீழ்த் தமிழ்ச் சுரவெழுத்தை நீக்காது நிறுத்தல் வேண்டும். தியாகராசர் பாடல்கள் உமையாள்புரம், தில்லைத்தானம், வாலாசாப்பேட்டை என மாணாக்கர் வழிதோறும் பாடவேறுபாடு உடையன; எவ்வழிப் பாடம் என்பதைத் தலைப்பிற் கூறல் வேண்டும். இயன்றவிடத்து அப்பாடலைப் பாடிய குரற்பதிவு ஒன்றையும் சுட்டல் நன்று. சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939-இல் தொடங்கிய காலந்தொட்டு இப்பகுதியில் ஒலியும் ஒரு சான்றாயிற்று. எழுத்து இனித் தனித்து நிற்கவேண்டுவதில்லை.

குடுமியான்மலைப் பாறையில் எழுதுவித்தவன் மாணவர் நலங்கருதியே எழுதுவித்தான். எழுத்து அழியாது நின்றது; அதனைப் பாடிக்காட்டுவார் இலராயினர். நாம் இன்று கணினியில் எழுதுவனவும் பிற்காலத்தார்க்கு அத்தகைய பாறையாகிவிடாமல் காத்தல் இன்றைய ஆய்வாளர் கடன். அக்கடனை இசைவல்லாரும் தமிழறிஞரும் நிரல் வகுப்போரும் ஒருங்கிருந்து ஆற்றுவராயின், மாற்றம் இழப்பாகாது; பாதுகாப்பாகும்.