ஒப்படைக்கப்பட்ட மக்கள்: ஒரு ஸ்பானியச் சொல்லும் நம் சேரியும்

ஸ்பானிய மொழியில் 'என்கோமியெண்டா' என்றொரு சொல் உண்டு. ஒப்படைத்தல் என்று பொருள். கேட்பதற்கு இதமான சொல்தான். ஆனால் 16ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்தைப் பிடித்த ஸ்பெயின் அரசு, அந்த மண்ணின் பூர்வகுடிகளைத் தன் படைத்தலைவர்களிடம் ஒப்படைத்ததற்கு வைத்த பெயர் அது. சட்டப்படி நிலம் தரப்படவில்லை. மக்களின் உழைப்பும் அவர்கள் கட்டும் வரியும் தரப்பட்டன. இந்த உரிமை வாரிசுகளுக்குப் போகக்கூடாது என்று 1542இல் சட்டம் வந்தது. ஆண்டைகள் கொதித்தெழுந்தார்கள். 1545இல் அந்தப் பிரிவு திரும்பப் பெறப்பட்டது.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வாழும் நமக்கு இது அந்நியக் கதையா? பண்ணையாள், படியாள் என்ற சொற்களைப் பிரித்துப் பாருங்கள். பண்ணைக்கு உரிய ஆள். படி அளந்து கூலி வாங்கும் ஆள். இரண்டிலும் ஆள் உண்டு, அவனுக்கென்று நிலம் இல்லை. 1843இல் சட்டம் அடிமைமுறையைக் கைவிட்டது. பண்ணை கைவிடவில்லை.

'மிராசு' என்பதும் வந்தேறிய சொல்தான். அரபியில் அதன் வேருக்குப் பரம்பரைச் சொத்து என்று பொருள். திண்டிவனத்துக்கு வடக்கே, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், சேரிக்காரர் தரிசு நிலத்துக்குத் தர்காஸ்து போட்டால் மிராசுதார் முன்னுரிமை கேட்டு மறித்தார். சேரி மனைக்கட்டும் தனதே என்றார். எதிர்த்துப் பேசினால் குடிசை போகும். இதையெல்லாம் 1891இல் அரசுக்கு அறிக்கையாக எழுதினார் ஆட்சியர் திரெமென்ஹீர்.

அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30இல் வந்த ஆணையில் பிறந்ததுதான் பஞ்சமி நிலம். பத்தாண்டுகள் விற்கக்கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிபந்தனை இருந்தும் நிலம் கைமாறியது. காரணை பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடிய ஜான் தாமசும் ஏழுமலையும் 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள்.

என்கோமியெண்டா இன்று வரலாற்றுப் புத்தகத்துச் சொல். பண்ணையார் என்பதோ நம் ஊரில் இன்னும் மரியாதைச் சொல்! நிலத்தைச் சொத்தாகவும் மனிதரை அதன் உடைமையாகவும் எண்ணும் புத்திக்குப் பெயர்தான் நிலவுடைமை. அது எந்த மொழியிலும் இருக்கும்.

தோழர்களே, சொல்லை மட்டும் மாற்றினால் போதாது. உங்கள் ஊரின் பழைய 'அ' பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். 'டி.சி. நிலம்' என்று எந்த சர்வே எண்ணுக்கு எதிரே எழுதியிருக்கிறது, இன்று அது யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். நம் மீட்பு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.