வாட்டர்லூ வழி: நான்கு மாதம் வகுப்பு, நான்கு மாதம் வேலை

ஒன்ராறியோவில் பிள்ளை வளர்க்கும் தமிழ் வீடுகளில் வகுப்பும் வேலையும் மாறி மாறி வரும் ‘கோ-ஒப்’ படிப்பு என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வந்ததும் பேச்சு வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில்தான் போய் நிற்கும். அந்தத் திட்டத்தின் பின்னால் ஒரு டயர் கம்பனி இருப்பது பலருக்குத் தெரியாது.

1956 ஆகஸ்டில் பி.எஃப். குட்ரிச் கனடா நிறுவனத்தின் தலைவர் ஐரா நீடில்ஸ், உள்ளூர் ரோட்டரிக் கழகத்தில் பேசினார். நாட்டுக்கு ஒன்றரை இலட்சம் பொறியியலாளர் வேண்டும். மாணவரை மாறி மாறி வகுப்பிலும் தொழிலகத்திலும் வைத்துப் பயிற்றினால்தான் முடியும் என்றார். வாட்டர்லூ கல்லூரித் தலைவர் ஜெரால்ட் ஹேகியும் முன்பு குட்ரிச்சில் வேலை பார்த்தவரே. அடுத்த ஆண்டு ஜூலையில் 74 மாணவர்களுடன் தற்காலிகக் கட்டடங்களில் வகுப்பு தொடங்கியது. படிப்பைத் துண்டு போட்டால் தரம் கெடும் என்று பழைய பல்கலைக்கழகங்களில் முகம் சுளித்தவர்கள் உண்டு. 1959இல் வாட்டர்லூவும் முழுப் பல்கலைக்கழகமாயிற்று.

வாட்டர்லூ என்றதும் எல்லோரும் நிறுவனங்களின் பங்கையே பேசுகிறோம். கணினிக் கல்வியைப் பொறுத்தவரை பெரிய பாய்ச்சலுக்குக் காரணம் மாணவர்கள்தான் என்பது என் எண்ணம்.

அந்நாளில் நிரலைத் துளையட்டைகளில் அடித்து, கட்டாகக் கணினி நிலையத்தில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுவது தொகுப்பி. அங்கிருந்த ஐபிஎம் 7040 இயந்திரத்தின் ஃபோர்ட்ரான் தொகுப்பி, ஒருமுறை தொகுத்த நிரலைப் பலமுறை ஓட்டும் தொழில்முறைப் பயனருக்கு ஏற்றது. மாணவரின் நிரலோ சிறியது, பிழை மலிந்தது, ஒருமுறை சரியாக ஓடிவிட்டால் வேலை முடிந்தது. அதைத் தொகுக்கவே இயந்திரத்தின் நேரம் கரைந்தது. 1965 கோடையில் கஸ் ஜெர்மன், ஜிம் மிட்சல், ரிச்சர்ட் ஷெர்லி, பாப் சார்ன்கே என்ற நான்கு இளநிலை மாணவர்கள், பீட்டர் ஷான்ஸின் வழிகாட்டலில் ‘வாட்ஃபார்’ என்ற தொகுப்பியை எழுதினார்கள். அது நினைவகத்திலேயே இருந்துகொண்டு, நிரலை ஒரே மூச்சில் தொகுத்து உடனே ஓட்டியது. பிழை எங்கே, என்ன பிழை என்பதைப் படிப்பவருக்கு விளங்கும்படி சொன்னது. ஒரு வகுப்பு முழுவதற்கும் நிரலாக்கம் கற்பிப்பது அதன்பின் எளிதாயிற்று. பிற பல்கலைக்கழகங்களும் அதைக் கேட்டு வாங்கின. மிட்சல் பின்னாளில் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ‘மெசா’ மொழியை உருவாக்கியவர்களில் ஒருவர்.

மாணவரிடம் இப்படியொரு பொறுப்பை ஒப்படைக்கத் துணிந்தவர் பேராசிரியர் வெஸ் கிரஹாம். ஐபிஎம்மில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அந்த நிறுவனத்திடம் எதைக் கேட்டு வாங்குவது, எதை நாமே செய்துகொள்வது என்று அறிந்திருந்தார். 1967இல் கணிதத்துக்கென்றே தனிப் பீடம் அமைந்தது. கணினியியல் அதற்குள் வளர்ந்தது. இது நல்லதாயிற்று. தொழிலகத்தின் இன்றைய தேவையை மட்டும் பார்த்துப் பாடம் அமைத்தால் பத்தாண்டில் பாடமும் பழசு, பட்டதாரியும் பழசு. இங்கே கணித அடித்தளம் அப்படியே இருக்க, அதன் மேல் மொழிகளும் இயந்திரங்களும் மாறிக்கொண்டிருந்தன.

இவற்றோடு, ஆக்கியவருக்கே ஆக்கத்தின் உரிமை என்ற பல்கலைக்கழக விதியும் சேர்ந்தது. ஆக்ஸ்போர்டு அகராதியைக் கணினியில் ஏற்றும் ஆய்வு 1980களில் இங்கே நடந்தது. அதிலிருந்து பிறந்ததே ‘ஓப்பன் டெக்ஸ்ட்’ நிறுவனம்.

கோ-ஒப் குறையில்லாத ஏற்பாடு அல்ல. நான்கு மாதத்துக்கு ஒருமுறை நேர்முகம், வீடு மாற்றம், நண்பர்கள் சிதறல் என்று பிள்ளைகள் களைத்துப்போகிறார்கள். எல்லாவற்றிலும் கடினம் முதல் வேலைத் தவணை: அனுபவம் இருக்கிறதா என்று கேட்பார்கள், அனுபவம் பெறத்தானே அந்தப் பிள்ளை வந்திருக்கிறது! மார்க்கத்திலும் ஸ்காபரோவிலும் நிறுவனம் நடத்தும் நம்மவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: அடுத்த தவணையில் முதலாம் ஆண்டு மாணவர் ஒருவருக்காவது, சம்பளத்துடன், இடம் கொடுங்கள்.