விடுதலை வாங்கிய ரேந்தை

திருச்சி தெப்பக்குளத்தைச் சுற்றிய கடைத்தெருக்களில் லேஸ் மீட்டர் கணக்கில் விற்பனையாகிறது. ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ் ஏறி வரும் பெண்கள் உள்பாவாடை ஓரத்துக்கு இரண்டு மீட்டர், தலையணை உறைக்கு மூன்று மீட்டர் என்று வெட்டி வாங்கிப் போகிறார்கள். அதன் பிறப்பைப் பற்றிக் கடைக்காரரும் சொல்வதில்லை, வாங்குகிறவரும் கேட்பதில்லை. அந்த இயந்திர லேஸுக்கு மூத்தது கையால் பின்னிய ரேந்தை. அது தமிழ் மண்ணுக்கு வந்து சேர்ந்த வழியில் ஒரு வெடிவிபத்து இருந்தது, ஒரு பக்தரின் ஏமாற்றம் இருந்தது, கப்பலேறிக் காணாமல் போன ஒரு மனிதர் இருந்தார். அந்த வழியின் முதல் மைல்கல் இதே தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில்தான் நடப்பட்டது.

ஆனால் நூல் முதலில் பின்னப்பட்டது வெகு தூரத்தில். 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில், வெனிஸிலும் ஃபிளாண்டர்ஸிலும், தறியும் இல்லாமல் ஊசியும் இல்லாமல் துணி செய்யும் ஒரு வித்தை பரவியது. கெட்டியாகத் திணித்த திண்டு ஒன்று. அதன்மேல் துளையிட்ட வரைபடம். துளைக்குத் துளை குண்டூசி. நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகள் ஜோடி ஜோடியாக. பாபின் என்ற அந்தக் கட்டைகளில் ஒரு நேரத்தில் கையில் எடுப்பது நான்கைத்தான். அசைவோ இரண்டே இரண்டு. நடு நூல்களை ஒன்றின்மேல் ஒன்று மாற்றுவது முதல் அசைவு. ஒவ்வொரு ஜோடியையும் தனக்குள் முறுக்குவது இரண்டாவது. பூவும் இலையும் வலைக்கண்ணும் எல்லாம் இந்த இரண்டிலிருந்தே பிறந்தன. 1557இல் வெனிஸில் ‘லே போம்பே’ என்ற மாதிரிப் புத்தகமே அச்சானது. பிரபுக்கள் கழுத்திலும் மணிக்கட்டிலும் ரேந்தையைச் சுமந்தார்கள். போர்த்துக்கீசியர் வழியாக அது இலங்கையின் தென்கரையையும் தொட்டது. நாகர்கோவிலுக்கு மட்டும் வேறொரு வழி காத்திருந்தது.

1763இல் திருச்சிக் கோட்டையில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. சிப்பாய்கள் மடிந்தார்கள்; பிள்ளைகள் அநாதைகளாயினர். அப்போது ஊரில் இருந்தவர் ஜெர்மானியப் பாதிரியார் ஸ்வார்ட்ஸ். அந்தப் பிள்ளைகளுக்காக அவர் தொடங்கிய பள்ளி இன்று செயின்ட் ஜான்ஸ் வெஸ்ட்ரி பள்ளியாக நிற்கிறது. 1766இல் தெப்பக்குளத்தருகே கிறிஸ்து ஆலயத்தையும் எழுப்பினார். பிறகு தஞ்சாவூருக்குக் குடிபெயர்ந்து, இளவரசர் சரபோஜிக்குக் காவலராகவும் ஆசானாகவும் இருந்து, 1798இல் கண்மூடினார். அவரோடு அவர் வளர்த்த கிறிஸ்தவ மிஷனின் ஓட்டமும் நின்றிருக்கலாம். மறு வருடமே தெற்கிலிருந்து ஒரு யாத்ரீகர் வந்தார்.

நாஞ்சில் நாட்டு மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் புறப்பட்டது சிதம்பரத்துக்கு. தேடி வந்த நிறைவு அங்கே கிடைக்கவில்லை. மனம் கசந்து திரும்புகிற வழியில், உறவினரைப் பார்க்கத் தஞ்சாவூரில் இறங்கினார். அங்கே ஸ்வார்ட்ஸின் வளர்ப்பில் உருவான பாதிரியார் கோலாப்பின் பேச்சைக் கேட்டார். சிதம்பரத்துக்குப் போன மகாராசன் கிறிஸ்தவராகி வேதமாணிக்கமாக ஊர் திரும்பினார். திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. தங்கள் ஊருக்கும் ஒரு போதகர் வேண்டும் என்று விடாமல் கேட்டார். அதன் பலனாக 1806இல் திருவிதாங்கூர் எல்லைக்குள் நுழைந்தார் ரிங்கல்தௌபே.

லண்டன் மிஷனைச் சேர்ந்த இந்த ஜெர்மானியர் மயிலாடியில் கோயில் கட்டினார், பள்ளிகள் வைத்தார். சம்பளம் கைக்கு வந்த வேகத்திலேயே ஏழைகளுக்குப் போனது. பத்தாண்டு உழைப்பில் உடம்பு உடைந்தது. 1816இல் பொறுப்பை வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறினார். அதன்பின் அவரைப் பற்றி எந்தச் சேதியும் ஊருக்கு வரவில்லை. மேய்ப்பன் போன இடம் தெரியாமல் மயிலாடி காத்திருந்தது.

அதே 1816இல், ஜூன் 28ஆம் தேதி இரவு, இங்கிலாந்தின் லஃப்பரோ நகரில் ஒரு கும்பல் தொழிற்சாலைக்குள் புகுந்தது. கையில் சம்மட்டிகள். நொறுங்கியவை 55 இயந்திரங்கள். ஜான் ஹீத்கோட் என்பவர் 1809இல் காப்புரிமை பெற்ற இயந்திரங்கள் அவை. திண்டின்மேல் பெண்கள் விரலால் முறுக்கிய வலைக்கண்ணை அவை இரும்பு விரலால் முறுக்கின. வயிற்றில் அடி விழுந்த தொழிலாளர்களின் கோபம் இயந்திரத்தை உடைத்ததே தவிர, எண்ணத்தை உடைக்கவில்லை. ஹீத்கோட் மூட்டை கட்டிக்கொண்டு டெவன் மாவட்டத்து டிவர்ட்டனில் போய்க் கடை விரித்தார். அதே டெவனில்தான் ஹானிட்டனும் இருந்தது. கை ரேந்தைக்குப் பேர்போன ஊர்! மெஷின் வலை மலிந்தது, கைக்கூலி சரிந்தது. 1840இல் விக்டோரியா மகாராணி தம் கல்யாணத்துக்கு டெவன் கை ரேந்தையையே உடுத்தித் தூக்கி நிறுத்திப் பார்த்தும் பழைய காலம் திரும்பவில்லை. வளர்ந்த வீட்டில் மூச்சு வாங்கத் தொடங்கிய அந்த முதல் ஆண்டுகளிலேயே ரேந்தை இன்னொரு வீட்டுக்குப் புறப்பட்டிருந்தது.

புறப்பாடு ஒரு சாவோடு தொடங்கியது. ரிங்கல்தௌபேயின் இடத்துக்கு அனுப்பப்பட்ட சார்லஸ் மீட், வரும் வழியில் பினாங்கில் மனைவியைப் புதைத்தார். கைக்குழந்தையோடு 1818இல் நாகர்கோவில் வந்து சேர்ந்தார். மறுமணம் செய்தவர் ஜோஹன்னா. தஞ்சாவூர் மிஷனில் உழைத்த ஹார்ஸ்ட் பாதிரியாரின் மகள். ஸ்வார்ட்ஸ் விதைத்த மண்ணில் வளர்ந்த அந்தக் காவிரிக்கரைப் பெண்தான் 1819இல் நாகர்கோவிலில் பெண்களுக்குப் பள்ளி திறந்தார். பள்ளி திறந்தாயிற்று. பிள்ளைகள்?

வரவில்லை. வந்தாலும் நிற்கவில்லை. பனையேறும் வீட்டில் பதநீர் காய்ச்சவும் விறகு பொறுக்கவும் பெண்பிள்ளை வேண்டும். அடிமைக் குடும்பமென்றால் பிள்ளை வீட்டுக்கே சொந்தமில்லை, வயல் எஜமானருக்குச் சொந்தம். எழுத்துப் படித்த பெண்ணால் யாருக்கு என்ன வரும்? இந்தக் கேள்விக்கு ஜோஹன்னாவிடம் பதில் இல்லை. பதில் 1819 டிசம்பரில் வந்து இறங்கியது.

சார்லஸ் மால்ட் என்ற இளம் பாதிரியாரோடு வந்த அவருடைய மனைவி மார்த்தாவுக்குத் திண்டில் ரேந்தை பின்னத் தெரியும். இங்கிலாந்தில் விலை இழந்துகொண்டிருந்த வித்தை அது. 1820களின் தொடக்கத்தில் அதையே பள்ளிக்குள் கொண்டுவந்தார் மார்த்தா. பாதி நேரம் எழுத்து, பாதி நேரம் பாபின். பின்னியதை ஐரோப்பியச் சீமாட்டிகள் வாங்கினார்கள். விற்ற காசு பள்ளியை நடத்தியது. பின்னிய பிள்ளைக்கும் கூலி கிடைத்தது. பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பினால் செலவு என்றிருந்த கணக்கு வரவு என்று மாறியது. மார்த்தா போட்ட கணக்கு அந்த அளவுதான். பிள்ளைகள் போட்டது வேறு கணக்கு.

அடிமைகளாகப் பிறந்த சிறுமிகளும் அந்தத் திண்டுகளின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கூலியைச் செலவழிக்காமல் சேர்த்தார்கள். சேர்ந்ததும் எஜமானரிடம் கொடுத்துத் தங்களைத் தாங்களே விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல். சில பெண்கள் அதற்குப் பல்லாண்டு முன்பே, அரசாணைக்குக் காத்திராமல், குண்டூசியும் நூலும் கொண்டு அதை ஒழித்துவிட்டார்கள். தங்களுக்குள் மட்டும்தான், என்றாலும் முழுசாக. வெளியே உலகம் அவ்வளவு எளிதில் மசியவில்லை.

அந்த உலகத்தில் நாடார் பெண்களும் அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்ட சாதிப் பெண்களும் மார்பை மறைத்துத் தோள்சீலை போடக் கூடாது. மிஷனைச் சேர்ந்த பெண்கள் குப்பாயம் என்ற சட்டையை அணிந்தார்கள். சிலர் மேலே சீலையும் போட்டார்கள். சந்தையில் அது கிழிக்கப்பட்டது. கலகம் மூண்டு பள்ளிகளும் ஜெபவீடுகளும் எரிந்தன. 1829இல் அரசு தீர்ப்பு சொன்னது: குப்பாயம் போடலாம், மேல்சாதிப் பெண்களைப் போலத் தோள்சீலை கூடாது. கடல் கடந்த சீமாட்டிகளின் தோளுக்கு ரேந்தை பின்னிய பெண்ணின் தோளில் ஒரு முழத் துணிக்கு இடமில்லை. அந்தத் தோள்கள் இன்னும் 30 ஆண்டுகள் பொறுக்க வேண்டியிருந்தது. அதற்குள் ரேந்தை மலை தாண்டிவிட்டது.

தாண்டவைத்தது ஒரு கல்யாணம். 1841இல் சென்னையிலிருந்து தஞ்சாவூர், திருச்சி, நீலகிரி என்று கால்நடையாகவே சுற்றித் திருநெல்வேலிக்கு வந்தவர் ராபர்ட் கால்டுவெல். செம்மண் தேரிக்காட்டு ஓரத்தில் இடையன்குடியில் தங்கினார். 1844இல் அவர் கைப்பிடித்தது எலைசாவை, மார்த்தாவின் மகளை. நாகர்கோவிலில் வளர்ந்த எலைசாவுக்குத் தமிழ் வாயிலேயே இருந்தது. ரேந்தை விரலில் இருந்தது. கணவர் ஊருக்கு நேர்த் தெரு போட்டுக் கிணறு வெட்டினார். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டு உலகைத் திரும்பிப் பார்க்கவைத்தார். மனைவி பெண்களுக்குப் பள்ளி வைத்து ரேந்தை கற்றுக்கொடுத்தார். இலக்கணம் நூலகங்களுக்குப் போனது. இடையன்குடி ரேந்தை பனங்காட்டு வீடுகளுக்குள் கூலியாக வந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த வித்தையைத் தமிழ்நாட்டிலேயே கற்று, தமிழ்நாட்டிலேயே கற்பித்த தலைமுறை தொடங்கிவிட்டது. நாகர்கோவிலில் அப்போது நெருப்பு மறுபடியும் புகையத் தொடங்கியிருந்தது.

1858இல் தோள்சீலைக் கலகம் திரும்பவும் வெடித்தது. சென்னை கவர்னர் ட்ரெவெல்யன் திருவிதாங்கூர் அரசுக்கு அழுத்தம் கொடுத்தார். 1859 ஜூலை 26ஆம் தேதி அரசாணை வந்தது. நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம். ஆனாலும் மேல்சாதிப் பெண்களின் பாணி மட்டும் ஆகாது என்று அப்போதும் ஒரு முடிச்சு போட்டே கொடுத்தார்கள். முடிச்சு அவிழ இன்னும் காலம் பிடித்தது. ரேந்தையோ நிற்காமல் பெருகியது. நெய்யூரில் மிஷன் பெண்களின் பூவேலை தனித் தொழிலாக நிமிர்ந்தது. நாஞ்சில் நாட்டில் திண்டு இல்லாத வீடு குறைவு என்ற நிலை வரும்போல இருந்தது. அப்போது மேற்கிலிருந்து இரண்டாவது கப்பல் வந்தது.

1897 நவம்பரில் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரிலிருந்து இரண்டு கன்னியர் முளகுமூட்டில் வந்து இறங்கினார்கள். அநாதைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டிருந்தார் அங்கிருந்த கத்தோலிக்கப் பாதிரியார். வந்தவர்களில் மூத்தவர் மரி லூயிஸ் டி மேஸ்டர். ஈப்பரோ ஃபிளாண்டர்ஸ் மண். ரேந்தையின் தாய்வீடுகளில் ஒன்று. முளகுமூடு கான்வென்ட்டிலும் ரேந்தையும் பூவேலையும் அநாதைப் பெண்களின் கைத்தொழிலாயின. இங்கிலாந்தின் புராட்டஸ்டன்ட் திண்டும் பெல்ஜியத்தின் கத்தோலிக்கத் திண்டும் ஒரே மாவட்டத்தில் ஒரு நாள் நடைதூரத்தில் உட்கார்ந்தன. ஐரோப்பாவில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த இரண்டு மரபுகள் குமரிக்கரையில் ஒரே சந்தைக்குச் சரக்கு அனுப்பின. சந்தையில் ஹீத்கோட் இயந்திரங்களின் பேரப்பிள்ளைகள் காத்திருந்தன.

நூற்றாண்டு திரும்புவதற்குள் மெஷின் லேஸ் எதையும் செய்யக் கற்றிருந்தது: பூவை, இலையை, ஹானிட்டனின் நெளிவைக்கூட. நாள் முழுக்கக் கண்ணை ஊன்றினால் சில அங்குலமே நகரும் கை ரேந்தையால் அதோடு விலை பேச முடியவில்லை. தெப்பக்குளத்துக் கடையில் கத்தரி போடும் லேஸ் அந்த இயந்திர வம்சம். கை ரேந்தை செத்துவிட்டது என்று எழுதி முடித்திருக்கலாம். 1982இல் இரண்டு காரியங்கள் நடக்காதிருந்தால்.

அந்த வருடம் பிரான்சில் ஓய்ட்ஃபா என்ற சர்வதேச ரேந்தைக் கழகம் பிறந்தது. பிழைப்புக்காக அன்றி ஆசைக்காகப் பின்னுகிறவர்களின் கழகம். டோர்ஷான் என்ற பின்னல் வகையில் கை பழகி, அது வசப்பட்டதும் பக்கிங்ஹாம்ஷைரின் நுண்வலை, புரூஜின் பூக்கள், ஹானிட்டன் என்று ஒவ்வொரு ஊர் நுட்பமாகத் தேடிக் கற்றுக்கொண்டே போனார்கள். 2018இல் ஸ்லொவேனியாவின் பாபின் ரேந்தை யுனெஸ்கோவின் பட்டியலிலேயே ஏறிவிட்டது. அதே 1982இல் மரியா மீஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர், ஆந்திரத்து நர்சாப்பூரில் குரோஷா ஊசியால் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர் கண்டது வேறு காட்சி. வெளிநாட்டுக்குப் போகும் சரக்கைச் செய்த பெண்களை வியாபாரம் தொழிலாளிகளாகவே எண்ணவில்லை. வீட்டுப் பெண்கள் ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள் என்று சொல்லியே கூலியைக் குறைத்து வைத்திருந்தது.

ஒரே வருடத்தில் லேஸ் பின்னும் கலை இரண்டு கணக்குகளில் எழுதப்பட்டது. நேரம் உபரியாக இருந்தவர்களுக்கு அது இன்பமான பொழுதுபோக்கு. நேரத்தை விற்றுத் தின்றவர்களின் உழைப்புக்கோ பொழுதுபோக்கு என்ற பெயர் கூலி வெட்டும் கத்தரி. நாகர்கோவிலின் அடிமைச் சிறுமிகள் இந்தக் கணக்கை அன்றைக்கே தீர்த்திருந்தார்கள். நூலின் அழகு அவர்களை விடுவிக்கவில்லை. பின்னிய கையிலேயே காசு வந்து விழுந்ததுதான் விடுவித்தது.