நாரும் நீரும்

'உணவு நார்' என்ற சொல் மருத்துவ ஏட்டில் முதலில் அச்சேறியது 1953இல். ஆஸ்திரேலியரான ஹிப்ஸ்லியின் அந்தக் கட்டுரை கர்ப்பகால நச்சுநிலையைப் பற்றியது. பெண்ணுடலைப் பற்றிய கேள்வியில் பிறந்த சொல் அது. 1970களில் அதைப் பிரபலமாக்கிய அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட் பேசியதோ மலச்சிக்கலையும் குடல்நோய்களையும். கர்ப்பிணி பின்னுக்குப் போய்விட்டாள்.

நம் கிராமங்களில் அச்சொல்லை வீடுவீடாகச் சுமந்தவர்கள் செவிலியர்களும், 1975க்குப் பின் அங்கன்வாடி ஊழியர்களும்தான். கைக்குத்தல் அரிசியே நல்லது என்றும் அவர்கள் சொல்லியாக வேண்டும். (அந்தக் காலத்துக்கு ஏங்குகிறவர்கள் உலக்கை யார் கையில் இருந்தது என்று கேட்பதில்லை. மில் தவிட்டை மட்டுமா நீக்கியது, தோள்வலியையும்தானே!)

கிராம சுகாதார செவிலியர் ஒருவரிடம் பேசினேன். கீரை, கேழ்வரகு, சுண்டல், கொய்யா என்று மூச்சுவிடாமல் அடுக்கினார். நாளுக்கு 25 கிராமாவது நார் வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. "நீங்க மதியம் என்னக்கா சாப்பிடுவீங்க?" என்றேன். டீயும் பன்னும். தண்ணீர்? "குடிச்சா எங்கம்மா போறது?" சுற்றுப்பாதையில் கழிப்பறை இல்லை. நார் நீரை உறிஞ்சித்தான் மலத்தை இளக்கும். நீரில்லாமல் நாரை மட்டும் கூட்டினால் சிக்கல் இறுகவும் செய்யும். அதுவும் அவருக்குத் தெரியும்.

ஊழியர்களின் 'அறிவும் பழக்கமும்' அளக்கும் வினாத்தாள்கள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். பழக்கம் சரியில்லை என்றால் இன்னொரு பயிற்சி வகுப்பு என்பார்கள். கழிப்பறையைப் பற்றி அவற்றில் ஒரு கேள்வியும் இல்லை. இரவில் யார் கடைசியாகச் சாப்பிடுகிறார், அப்போது சட்டியில் பொரியல் மிச்சமிருக்கிறதா என்றும் இல்லை.